மண்ணிலும் விண்ணிலும் வண்டி ஓட்டிய குரு
அருட்தந்தை பவுல் ஷுல்ட்டே, அ.ம.தி. அவர்களின் வாழ்க்கை வரலாறு

யூபிலி ஆண்டைக் கொண்டாடும் நம் பங்கின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பங்குத்தந்தை எந்த ஆண்டில் வந்தார் என்பது சிலருக்கு மறந்திருக்கும். ஆனால் அவர் எதில் வந்தார் என்பது மட்டும் யாருக்கும் மறந்திராது. மாட்டுவண்டியில் வந்த சாமியார், சைக்கிளில் வந்த சாமியார், புல்லட்டில் வந்த சாமியார் என்றுதான் ஊர் மக்கள் தங்கள் மேய்ப்பர்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தூரத்தில் அந்த வண்டிச் சத்தம் கேட்டவுடன் கோயில் மணி அடிக்க ஓடிய சிறுவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

வேதபோதகர்கள் நம் மண்ணுக்கு வந்த தொடக்க நாட்களில் வண்டி ஏது? 1542-ஆம் ஆண்டில் வந்த புனித சவேரியார் முத்துக்குளித்துறை மணலில் கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்றார். புனித அருளானந்தர் மறவ நாட்டின் பாதைகளில் நடந்தார். புனித யோசேப் வாஸ் இலங்கையின் காடுகளையும் மலைகளையும் கால்களாலேயே அளந்தார். நடந்தவர்களும் மறை பரப்பினார்கள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நடையின் வேகத்துக்குக் காத்திராத ஒன்று உண்டு. அது மரணம். இந்த உண்மையை நெஞ்சில் அறைந்தாற்போல் உணர்ந்து, அதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட குரு ஒருவரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். உலகம் அவரைப் பறக்கும் குரு என்று அழைத்தது. அவர் பெயர் அருட்தந்தை பவுல் ஷுல்ட்டே.

போரில் கற்ற வித்தை

1895-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் மாக்டபுர்க் நகரில் பவுல் ஷுல்ட்டே பிறந்தார். அவர் சேர்ந்தது அமலமரித் தியாகிகள் சபை. பிரான்சு நாட்டில் 1816-ல் புனித யூஜின் தெ மாசெனோட் நிறுவிய இச்சபை தமிழ் மக்களுக்கு அந்நியமன்று. 1847-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றி, அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கரிடையே தலைமுறை தலைமுறையாய் ஊழியம் செய்தவர்கள் இச்சபைக் குருக்களே. அமலமரித் தியாகிகள் என்ற அழகிய தமிழ்ப் பெயரும் அவர்களுக்கு அங்கே வழங்கி வருவதுதான்.

இளைஞரான ஷுல்ட்டே அமைதியாகக் குருத்துவப் படிப்பை முடித்துப் பீடம் ஏறியிருக்கலாம். ஆனால் 1914-ல் மூண்ட உலகப் போர் ஐரோப்பாவின் இளைஞர் கூட்டத்தையே வாரிச் சென்றது. அவரும் சென்றார், விமானி ஆனார். அக்காலத்து விமானம் என்றால் இன்று நாம் சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறிச் செல்லும் விமானத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய ஒரு கூடு. தலைக்கு மேல் கூரை இல்லை. காற்றும் மழையும் எண்ணெய்ப் புகையும் முகத்திலேயே அடிக்கும். இயந்திரம் நின்றுவிட்டால் கீழே இறக்க ஒரு வயல் கிடைக்குமா என்று தேடவேண்டியதுதான். அந்தக் கூட்டில் ஏறி உயிரோடு திரும்பியவர்கள் இரண்டு பாடங்களைக் கற்றிருந்தார்கள். ஒன்று, இயந்திரத்தை மதிக்கவேண்டும். மற்றொன்று, அதை முழுவதும் நம்பிவிடக் கூடாது.

போர் முடிந்தது. கொல்வதற்கென்று கற்ற வித்தையை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஷுல்ட்டே குருமடம் சேர்ந்தார், குருப்பட்டம் பெற்றார். இனி விமானத்துக்கும் தமக்கும் என்ன உறவு என்றுதான் அவரைச் சுற்றி இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். இறைவனின் திட்டமோ வேறாயிருந்தது.

நண்பனின் மரணம்

ஷுல்ட்டேக்கு ஓட்டோ ஃபூர்மான் என்றொரு நெருங்கிய நண்பர் இருந்தார். இருவரும் ஒரே சபையினர். ஃபூர்மான் அடிகள் ஆப்பிரிக்காவில் தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று அன்று வழங்கிய நாட்டுக்கு மறைபரப்பாளராகச் சென்றார். இன்று நமீபியா என்று அழைக்கப்படும் நாடு அதுவே. ஜெர்மானிய அமலமரித் தியாகிகள் 1896 முதல் அங்கே உழைத்து வந்தார்கள். நாட்டின் வடகோடியில் இருக்கும் ஓவாம்போ மக்களின் பகுதிக்குள் அவர்கள் நுழைந்தது 1924-ல்தான். புதிய தளம், புதிய மொழி. குடிசை வேய்வதிலிருந்து எல்லாமே தொடக்கம்.

அந்த நாட்டின் அமைப்பைச் சற்றே மனக்கண்முன் கொண்டு வாருங்கள். தெற்கே இரயில் பாதை வந்து முடியும் ஊர்களில் ஒன்று ட்சுமேப். தாமிரச் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட பாதை அது. அங்கிருந்து ஓவாம்போ நாட்டின் நடுப்பகுதிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். இடையிலே எட்டோஷா என்னும் மாபெரும் உப்புச் சமவெளி. அதைச் சுற்றிலும் சிங்கமும் யானையும் திரியும் புதர்க்காடு. அப்பால் போனால் கணுக்கால் புதையும் மணல். மழை பெய்துவிட்டால் அந்த மணல்வெளியெல்லாம் ஆழமில்லாத நீரோடைகளாக மாறிவிடும். சாலை என்று சொல்ல எதுவுமில்லை. முன்னே போன வண்டியின் தடம்தான் சாலை. பத்துப் பன்னிரண்டு எருதுகள் பூட்டிய வண்டி அந்த மணலில் ஒரு மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டர் போனால் அதிகம். எருதுகளுக்குத் தண்ணீர் காட்டவேண்டும், இளைப்பாறவிட வேண்டும். நமது திருநெல்வேலித் தேரிக்காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளக்கிச் சொல்லாமலே விளங்கும்.

1925-ஆம் ஆண்டில் ஃபூர்மான் அடிகள் அங்கே கடுங்காய்ச்சலில் விழுந்தார். வைத்தியம் கிடைக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோக எருது வண்டியைத் தவிர வேறு வழி இல்லை. நாள்கணக்காகிய அந்தப் பயணம் அவரது உயிருக்கு ஈடுகொடுக்கவில்லை. சேரவேண்டிய இடத்துக்குக் காலத்தோடு சேராத காரணத்தால், தளம் தொடங்கிய மறு ஆண்டிலேயே இளம் குரு ஒருவர் மண்ணுக்குள் போனார்.

செய்தி ஜெர்மனிக்கு வந்தது. ஷுல்ட்டே அடிகள் நண்பனுக்காக அழுதிருப்பார், பூசை ஒப்புக்கொடுத்திருப்பார். எல்லாரும் செய்வது அது. ஆனால் அவர் மனத்தில் கணக்கு ஒன்றும் ஓடிற்று. அவர் வாழ்ந்த நாட்டிலே வீதிதோறும் மோட்டார் கார்கள் ஓடுகின்றன. போருக்காக ஆயிரக்கணக்கில் விமானங்கள் கட்டப்பட்டன. அவரே அவற்றில் ஒன்றை ஓட்டியவர். கொல்வதற்கு விமானம் கிடைத்தது. ஒரு நோயாளியைக் காப்பாற்றுவதற்கு ஒரு பழைய லாரிகூடக் கிடைக்கவில்லை! நண்பனைக் கொன்றது காய்ச்சல் மட்டுமன்று, தூரமும் சேர்ந்துதான் என்று அவர் கண்டுகொண்டார். காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. தூரத்துக்கு மருந்து கண்டுபிடிப்பது தம் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

மிவா பிறந்தது

1927-ஆம் ஆண்டு வண்டிகளின் வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு. மே மாதத்தில் சார்லஸ் லிண்ட்பர்க் என்னும் அமெரிக்க இளைஞர் தன்னந்தனியாக அட்லாண்டிக் மாகடலைப் பறந்து கடந்தார். ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1 கோடியே 50 இலட்சம் டி மாடல் கார்களைச் செய்து, அவற்றின் உற்பத்தியை நிறுத்தியதும் அதே ஆண்டில்தான். உலகமே வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், ஜெர்மனியின் கொலோன் நகரில் ஷுல்ட்டே அடிகள் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். மறைபரப்புத் தளங்களுக்கு வாகனம் வாங்கிக் கொடுப்பதே அதன் ஒரே வேலை. அதன் சுருக்கப் பெயர்தான் மிவா. அப்போது கொலோன் மாநகரத் தலைவராயிருந்த கொன்ராட் அடினாவர் அதன் ஆதரவாளர்களுள் ஒருவர். 1949-ல் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமராக ஆனவர் இவரே. நிலத்திலும் நீரிலும் வானத்திலும் சென்று கிறிஸ்துவை எதிர்கொள்வது என்பதே சங்கத்தின் குறிக்கோள். நிலத்துக்குக் கார், நீருக்கு மோட்டார் படகு, வானத்துக்கு விமானம்.

கேட்டவர்களில் தலையாட்டியவர்களும் இருந்தார்கள், முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். அப்போஸ்தலர்கள் காரிலா போனார்கள் என்ற கேள்வி நம் பங்குகளில்கூடக் கேட்ட கேள்விதானே! அதற்குப் பதில் எளிது. அப்போஸ்தலர் புனித பவுல் தம் காலத்தில் கிடைத்த கப்பலில் ஏறினார். கப்பல் இருக்க நீந்திப் போகவேண்டும் என்று அவர் அடம் பிடிக்கவில்லை. அந்தப் பவுலின் பெயரைத் தாங்கிய இந்தப் பவுலும் தம் காலத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்.

ஓட்டக் கற்பது எளிதன்று

வண்டி கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? அங்கேதான் தொடங்குகிறது. அக்காலக் குருக்களில் பலர் குதிரையைத் தவிர வேறு வாகனத்தைத் தொட்டறியாதவர்கள். டி மாடல் ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். அதில் இன்றைய கார் போல அல்ல, எல்லாம் தலைகீழ். மூன்று மிதிகள் உண்டு. இடது மிதியை முழுக்க அழுத்தினால் மெதுவாக முன்னே போகும். விட்டால் வேகமாகப் போகும். நடு மிதி பின்னோக்கிச் செலுத்தும். வலது மிதிதான் பிரேக். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது காலால் அன்று; சுக்கானுக்குக் கீழேயுள்ள ஒரு கைப்பிடியால். பெட்ரோல் தொட்டியிலிருந்து எண்ணெய் தானாகவே சரிந்து வரவேண்டும் என்பதால், செங்குத்தான மேட்டில் எண்ணெய் குறைவாக இருந்தால் இயந்திரம் நின்றுவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கியே மேடேறவேண்டும்! வண்டியை எழுப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றவேண்டும். அது சில வேளை எதிர்த்துச் சுழன்று கை எலும்பை முறித்துவிடும். பட்டறை என்பது நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே ஓட்டுகிறவரே பழுது பார்க்கவும் வேண்டும்.

சாலைப் பழக்கமும் அந்நியம். ஜெர்மனியில் வண்டிகள் வலப்புறம் செல்லும்; தென்மேற்கு ஆப்பிரிக்காவில் தென்னாப்பிரிக்க ஆட்சி வந்தபின் இடப்புறம். நம் இந்தியாவும் இடப்புறமே. ஐரோப்பாவிலிருந்து வந்த குரு ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் தம் கையையும் கண்ணையும் மறுபடி பழக்கவேண்டும். அது மட்டுமா? விளக்கில்லாத மாட்டுவண்டி, சாலையின் குறுக்கே படுத்திருக்கும் ஆடு, நடுச்சாலையில் காயும் நெல், சந்தை நாளில் வழிவிடாத கூட்டம், அடிக்கும் ஹாரனைப் பொருட்படுத்தாத எருமை! இவற்றுக்கு எந்தப் புத்தகத்தில் விதி எழுதியிருக்கிறது? இங்கே விதி என்பது பொறுமைதான்.

மணலில் ஓட்டும்போது டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சக்கரம் அகன்று மணல்மேல் மிதந்தாற்போல் செல்லும் என்பதும், புதைந்துவிட்டால் அவசரப்பட்டு இயந்திரத்தை முடுக்க முடுக்கச் சக்கரம் மேலும் ஆழ இறங்கும் என்பதும் பாலைவனம் கற்பிக்கும் பாடம். இறங்கி, மணலைக் கையால் வாரி, சக்கரத்தடியில் கிளைகளைப் பரப்பி, ஊராரைத் தள்ளச் சொல்லி, மெதுவாகத்தான் மீளவேண்டும். மறைபரப்புக்கும் இதே விதிதான் என்று சொன்னால் மிகையாகுமா? அவசரப்பட்டவர்கள் புதைந்தார்கள். ஊராரின் கையை நாடியவர்கள் முன்னேறினார்கள்.

ஷுல்ட்டே அடிகளின் பெருமை இங்கேதான். தம் தொழிலை அறிந்த விமானி அவர். இயந்திரம் புண்ணியவாளனையும் பாவியையும் ஒன்றாகவே நடத்தும் என்பதும், ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஏறினாலும் எண்ணெய் அளவைப் பார்க்காமல் ஏறக்கூடாது என்பதும் அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அட்லாண்டிக்கின் மேல் திருப்பலி

1936-ஆம் ஆண்டு மே 6. ஹிண்டன்பர்க் என்னும் மாபெரும் ஜெர்மானிய ஆகாயக் கப்பல் வட அமெரிக்காவுக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கிற்று. 245 மீட்டர் நீளம். வயிறு நிறைய ஹைட்ரஜன் வாயு. அதில் ஷுல்ட்டே அடிகளும் பயணம் செய்தார். வானத்தில் திருப்பலி நிறைவேற்றுவது அந்நாளில் கேள்விப்படாத ஒன்று. அதற்குத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் சிறப்பு அனுமதி தந்தார். ஒரு தீப்பொறி பட்டாலும் கப்பலே சாம்பலாகிவிடும் என்பதால், பீடத்து மெழுகுதிரிகள் ஏற்றப்படவில்லை. ஏற்றாத திரிகளுக்கு நடுவே, கீழே கடலும் மேலே வானமுமாக, ஆகாயக் கப்பலில் நடந்த முதல் திருப்பலி நிறைவேறியது. மே 9-ல் கப்பல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் நிலையத்தை அடைந்தது.

சரியாக ஓராண்டு கழித்து, 1937 மே 6-ல், அதே லேக்ஹர்ஸ்டில் இறங்கும் வேளையில் ஹிண்டன்பர்க் தீப்பற்றி எரிந்தது. 36 உயிர்கள் பலியாயின. திரியை ஏற்றாமல் விட்டது வீண் பயம் அன்று என்பதை உலகம் அன்று உணர்ந்தது. துணிவு வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு.

வடதுருவத்தில் ஒரு நோயாளி

ஷுல்ட்டே அடிகள் அடுத்துச் சென்றது கனடா நாட்டின் வடகோடி. அங்கே ஹட்சன் விரிகுடாவைச் சுற்றிப் பனிவெளியில் வாழும் இனுவிட் மக்களிடையே அமலமரித் தியாகிகள் ஊழியம் செய்து வந்தார்கள். ஆப்பிரிக்காவில் மணல், இங்கே பனி. அங்கே எருது, இங்கே நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி. தூரம் மட்டும் ஒன்றே. ஆண்டுக்கொரு முறை கோடையில் கப்பல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

1938 ஆகஸ்டில் ஆர்க்டிக் பே என்ற தளத்திலிருந்து வானொலி வழியாக ஒரு செய்தி வந்தது. அங்கிருந்த கொஷார் அடிகள் கடும் நோயுற்றிருக்கிறார். அந்தத் தளம் துருவ வட்டத்துக்கும் அப்பால், 73-ஆம் பாகையில். சாம்பல்நிறக் கன்னியர் மருத்துவமனை நடத்திவந்த செஸ்டர்ஃபீல்டு இன்லெட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. வழியில் மனித நடமாட்டம் அரிது. காந்தத் துருவம் அருகே இருப்பதால் திசைகாட்டியின் முள் அங்கே நம்பத்தக்கதன்று. மூடுபனி எந்த நொடியும் கவியலாம். மிதவை கட்டிய விமானம் இறங்குவதற்குப் பனிக்கட்டி இல்லாத தண்ணீர் வேண்டும். அது இருக்குமா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஃபூர்மான் அடிகளுக்காக வராத வண்டி, இப்போது கொஷார் அடிகளுக்காகப் புறப்பட்டது. ஓட்டியவர் ஷுல்ட்டே அடிகளே. போனார், இறங்கினார், நோயாளியை ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினார். நோயாளி பிழைத்தார். செய்தித்தாள்கள் இதைப் பெரிய சாகசமாக எழுதின. ஆனால் அன்று அந்தக் குரு பறந்தது சாகசத்துக்காகவா? பாலைவனத்து மணலில் எருது வண்டியில் கிடந்த ஒரு முகம் அவர் கண்முன் நின்றிருக்காது என்று யாரால் சொல்லமுடியும்?

இந்த அனுபவங்களை அவர் எழுதிய நூல் 1940-ல் ஆங்கிலத்தில் வெளிவந்து பலராலும் படிக்கப்பட்டது.

பனிமய மாதாவின் பிள்ளை

அதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. போர் நடக்கும் உலகில் ஒரு ஜெர்மானியர் தம் விருப்பம்போல் வானில் திரிய முடியாதல்லவா? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து பெல்வில் நகரில் தம் சபையின் குருமடத்தில் அடிகள் தங்கினார். பறவைக்குச் சிறகு கட்டிப்போட்டது போன்ற நாட்கள். வேறொருவராயிருந்தால் மனம் கசந்திருப்பார். அவரோ பனி நாட்டில் தம்மைக் காத்த அன்னையை அந்த ஊர் மக்களுக்கு அறிமுகம் செய்தார். 1941-ல் அவர் அங்கே தொடங்கி வைத்தது பனிமய மாதா பக்தி. ஜே. வாட்சன் டேவிஸ் என்ற ஓவியர் துருவத்துப் பனியையும் வானொளியையும் வைத்து மாதாவின் படத்தை வரைந்து கொடுத்தார். சிறு விதையாக விழுந்த அந்தப் பக்தி வளர்ந்து, சுமார் 200 ஏக்கர் பரப்பில் அமெரிக்காவின் புகழ்பெற்ற திருத்தலங்களுள் ஒன்றாகி நிற்கிறது.

பனிமய மாதா என்றவுடன் நம் உள்ளம் தூத்துக்குடிக்குப் போகாமல் இருக்குமா? ஆகஸ்டு 5 என்றால் பரதவ மக்களின் வீடுதோறும் திருவிழா. பனியையே பாராத நம் கடற்கரையிலும், பனியைத் தவிர வேறொன்றும் பாராத துருவத்திலும் அதே அன்னைக்கு அதே பெயர். 1982-ல் பேராலயமாக உயர்த்தப்பட்ட தூத்துக்குடிக் கோயிலில் தங்கத்தேர் ஏறி வீதி வருகிறவளும், ஷுல்ட்டே அடிகளின் சின்னஞ்சிறு விமானத்துக்கு வழிகாட்டியவளும் ஒருத்திதானே!

நண்பன் துயிலும் நாட்டிலே

வாழ்வின் மாலைப்பொழுதில் அடிகள் வந்து சேர்ந்தது எந்த நாடு தெரியுமா? தென்மேற்கு ஆப்பிரிக்கா! ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நண்பன் மடிந்த அதே நாடு. அட்லாண்டிக் கரையில், ஒருபக்கம் கடலும் மறுபக்கம் நமீப் பாலைவனமும் சூழ்ந்த ஸ்வாகோப்முண்ட் நகரில், 1975 ஜனவரியில், 79-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்நாடு 1990-ல் நமீபியா என்ற பெயருடன் விடுதலை பெற்றது. உலகெல்லாம் பறந்தவர் கடைசியில் இறங்கியது நண்பனின் மண்ணில்.

அவர் தொடங்கிய மிவா அவரோடு முடிந்துவிடவில்லை. ஆஸ்திரியாவில் 1949-ல் ஸ்டாட்ல்-பௌரா என்ற சிற்றூரில் தொடங்கிய கிளை பெரிதாக வளர்ந்தது. அவர்கள் நிதி திரட்டும் முறையைக் கேட்டால் வியப்பாயிருக்கும். ஆண்டுதோறும் ஜூலையில் பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபரின் திருநாளை ஒட்டி, வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் விபத்தின்றிக் கடந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நன்றியாக ஒரு சிறு காசு காணிக்கை கொடுக்கிறார்கள். 1960-ல் தொடங்கிய வழக்கம் இது. கிலோமீட்டருக்கு ஒரு சென்ட் நாணயத்தில் பத்தில் ஒரு பங்கு! ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர் பத்து யூரோ கொடுப்பார். இப்படித் துளித்துளியாய்ச் சேர்ந்ததுதான் ஏழை நாடுகளில் சைக்கிளாகவும் மோட்டார் சைக்கிளாகவும் ஆம்புலன்ஸாகவும் படகாகவும் ஓடுகிறது.

நமக்கொரு பாடம்

இந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்த்தால் என்ன? நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள் என்று அரசின் கணக்கு சொல்கிறது. வீட்டைவிட்டுப் போனவர் பத்திரமாகத் திரும்புவது நாம் நினைப்பது போல் சாதாரணமானதன்று. அது நாள்தோறும் பெறுகிற வரம். புதிதாக வண்டி வாங்கியவுடன் கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கிறோம். ஜெபமாலையைக் கண்ணாடியில் தொங்கவிடுகிறோம். நல்லது. ஆனால் தீர்த்தம் தெளித்த வண்டியைக் குடித்துவிட்டு ஓட்டினால் யார் பொறுப்பு? ஹிண்டன்பர்க்கில் திரியை ஏற்றாமல் பூசை செய்த குருவின் நிதானம் நமக்கும் வேண்டாமா?

மற்றொன்றும் உண்டு. ஷுல்ட்டே அடிகள் வண்டி தேடியது தமக்காகவன்று, நோயாளிக்காக. வண்டி ஏறியவர் நடக்கிறவரை மறந்துவிடுவது எளிது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் சாலையோரத்தில் கை காட்டி நிற்பவர் கண்ணில் படமாட்டார். கிளப்பிய புழுதி அவர் மேல்தான் போய் விழும். கிறிஸ்டோபர் என்ற பெயருக்குக் கிறிஸ்துவைச் சுமப்பவர் என்று பொருள். ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நின்ற ஒரு சிறு பிள்ளையைத் தோளில் ஏற்றிய பிறகுதான், தாம் சுமப்பது யாரை என்று அவருக்குத் தெரிந்தது என்பது மரபு. நம் பைக்கின் பின் இருக்கையிலும் காரின் காலி இடத்திலும் யார் வந்து அமரக் காத்திருக்கிறாரோ!

இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கின் ஒவ்வொரு வண்டியும் ஒரு தடவையாவது ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்கு, ஒரு முதியவரைக் கோயிலுக்கு, ஒரு பிள்ளையைத் தேர்வுக்குக் கொண்டுசெல்லட்டும். பாலைவனத்தில் காலத்தோடு சேராமல் போன ஒரு குருவின் மரணம் உலகெங்கும் எத்தனையோ பேரைக் காலத்தோடு சேர்த்தது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால் பலன் தரும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மண்ணிலும் விண்ணிலும் வண்டி ஓட்டிய அந்தக் குருவின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுக! நம் பயணங்கள் எல்லாம் பனிமய அன்னையின் காவலில் பத்திரமாய் நிறைவேறுக!